ஐந்து விசையும் எழுதியாச்சு, மதிப்பெண் எங்கே? (ஸ்ட்ராடஜி பேப்பர் இழை)

4 செப்டம்பர், இரவு 9.10 | மூன்றாம்செம்

எம்.பி.ஏ. மூன்றாம் செமஸ்டர், வியூக மேலாண்மை. பார்ட்-சி கேள்வி, 15 மதிப்பெண், இந்திய விமானத் துறை பற்றி ஒன்றரைப் பக்கக் கேஸ். ஸ்வாட் கட்டம் நாலையும் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) நிரப்பி, போர்ட்டரின் ஐந்து விசைகளுக்கும் (இருக்கும் போட்டி, புதியவர் நுழைவு, மாற்றுப் பொருள், வழங்குநர் வலு, வாங்குநர் வலு) அதிகம், நடுத்தரம், குறைவு என்று போட்டு, கடைசியில் ஐந்து பரிந்துரையும் எழுதினால் கிடைப்பது 6. ஓரத்தில் "விவரிப்பு மட்டுமே, பகுப்பாய்வு இல்லை" என்று ஒரு வரி. பாடத்தில் இருக்கிற கட்டமெல்லாம் போட்டாச்சு, இதற்கு மேல் பகுப்பாய்வு என்றால் என்ன? இந்தப் பாடத்தில் சரியான விடை என்று எதுவும் கிடையாது, திருத்துகிறவர் மனசு போல மதிப்பெண் என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 செப்டம்பர், இரவு 9.55 | பழையநோட்டு

மறுக்கிறேன். சரியான விடை ஒன்றே ஒன்று கிடையாது என்பது உண்மை. ஆனால் தவறான விடைகள் ஏராளம், அவற்றை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

கேஸ் கையில் வந்ததும் கட்டம் போட ஆரம்பிக்காதீர்கள். அதில் எது இடிக்கிறது என்று தேடுங்கள். விமானத் துறையில் அது கண்ணை உறுத்தும். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். எல்லாருக்கும் அதே வானம், அதே எரிபொருள் விலை, அதே பயணி. 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ மட்டும் உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் கையில் வைத்திருக்கிறது. எப்படி? விடைத்தாளின் முதல் வரி இந்தக் கேள்வியாக இருக்க வேண்டும்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தத் துறையில் ஆள் மாற்றி ஆள் விழுவது ஏன்? விழுகிற துறையில் ஒருவர் மட்டும் நிற்பது ஏன்? முதலாவதற்குத்தான் ஐந்து விசைகள். 1979-ல் போர்ட்டர் அதை எழுதியது துறையின் சராசரி லாபத்தை விளக்க. இண்டிகோ ஏன் வேறு மாதிரி என்று அதைக் கேட்டால் அது வாயே திறக்காது. இரண்டாவதற்கு நிறுவனத்தின் செயல்பாடுகளுக்குள்ளும் வளங்களுக்குள்ளும் போக வேண்டும். நீங்கள் முதல் கருவியை வைத்து இரண்டு பூட்டையும் திறக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

விசையை எழுதும் முறை. "வழங்குநர் வலு: அதிகம்" என்பது விடை இல்லை, தலைப்பு. யார் அந்த வழங்குநர், அவருக்கு எதனால் வலு, அந்த வலு நம் கணக்கில் எந்தச் செலவு வரியில் வந்து விழுகிறது, நாம் என்ன செய்தால் குறையும் என்று நாலு வாக்கியம் வேண்டும். இந்திய நிறுவனங்களுக்குப் பெரிய ஜெட் விமானம் தருபவர்கள் ஏர்பஸ், போயிங் என இருவர்தான். ஏர்பஸ்ஸின் ஏ320நியோ விமானத்துக்கு எஞ்சின் தருபவர்களும் ப்ராட் அண்ட் விட்னி, சி.எஃப்.எம். என இருவர்தான். கோ ஃபர்ஸ்ட்டின் நியோக்கள் எல்லாம் ப்ராட் எஞ்சினில் ஓடியவை. எஞ்சின் பழுதாகி மாற்று வராமல் விமானங்கள் தரையில் நின்றன, ஆனால் குத்தகைப் பணத்துக்கு ஓய்வு கிடையாது. இண்டிகோவுக்கும் அதே எஞ்சினால் அடி விழுந்தது. ஆனால் அவர்கள் 2019-லேயே 280 விமானங்களுக்கு சி.எஃப்.எம். பக்கம் போயிருந்தார்கள். விசை ஒன்று, விளைவு இரண்டு. அந்த வித்தியாசத்தை எழுதுகிற இடத்தில்தான் பகுப்பாய்வு தொடங்குகிறது.

4 செப்டம்பர், இரவு 10.20 | கடைசிபெஞ்ச்

பலம்: நல்ல பிராண்ட். பலவீனம்: செலவு ஜாஸ்தி. வாய்ப்பு: இந்தியா வளருது. அச்சுறுத்தல்: போட்டி. இந்த ஸ்வாட்டை ஏர்லைனுக்கும் எழுதலாம், கல்யாண மண்டபத்துக்கும் எழுதலாம், எங்க தெரு டீக்கடைக்கும் எழுதலாம். பெயரை மட்டும் மாத்தினா போதும், ரொம்ப சிக்கனமான கருவி.

4 செப்டம்பர், இரவு 10.41 | தணிக்கை

மேலே சொன்னது கிண்டல் இல்லை, அதுவே சோதனை. எழுதிய வரியில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளர் பெயரைப் போடுங்கள். வரி அப்படியே பொருந்தினால் அடித்துவிடுங்கள். "பலம்" என்பது யாரைவிட, எதில், எவ்வளவு என்று மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியே இருப்பவை. "புதிய நகரங்களுக்குச் சேவை தொடங்கலாம்" வாய்ப்பு ஆகாது, அது நீங்கள் எடுக்கப்போகும் முடிவு. "சிறு நகரங்களில் விமான நிலையங்கள் திறக்கப்படுகின்றன" என்பதுதான் வாய்ப்பு. தாள்களில் பாதிப் பேர் இங்கே வழுக்குகிறார்கள்.

5 செப்டம்பர், காலை 7.30 | தணிக்கை

நேற்று விட்டது: எண். விமானக் கேஸில் எண் இல்லாமல் வெறும் உரைநடை எழுதினால் 8-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தேவை மூன்றே எண். ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் செலவு (துறையில் காஸ்க் என்பார்கள்). உட்கார்ந்த ஒரு பயணியிடம் ஒரு கிலோமீட்டருக்குக் கிடைக்கும் வருவாய் (ஈல்டு). நிரம்பிய இருக்கை விழுக்காடு. கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை: காஸ்க் 4.20 ரூபாய், ஈல்டு 5.00, நிரப்பல் 86%. இருக்கைக்கு வருவாய் 5.00 × 0.86 = 4.30. மிச்சம் 10 பைசா. காஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் என்றால் 1.40. எரிபொருள் 10% ஏறினால் 14 பைசா. காஸ்க் 4.34 ஆகிறது, 4 பைசா நட்டம். தப்பிக்க நிரப்பல் 86.8% வேண்டும், அல்லது ஈல்டு சுமார் 5 பைசா ஏற வேண்டும்.

எண் இங்கே என்ன சொல்லித் தருகிறது? 10 பைசா மிச்சத்தில் ஓடும் தொழிலில் "விளம்பரம் அதிகரிக்க வேண்டும்" என்ற பரிந்துரை அந்த 10 பைசாவில் கை வைக்கிறது. அதை எழுதியவர் கணக்கைப் பார்க்கவில்லை என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

உண்மையான எண்கள் வேண்டுமென்றால் இண்டிகோவின் தாய் நிறுவனமான இன்டர்குளோப் ஏவியேஷன் காலாண்டு முடிவுகளில் மூன்றும் இருக்கின்றன. சந்தைப் பங்கு, நிரப்பல், ரத்தான விமானங்கள் ஆகியவற்றை டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) மாதாமாதம் வெளியிடுகிறது. புராஜெக்டுக்கு இந்த இரண்டும் போதும், செய்திக் கட்டுரைகளை வெட்டி ஒட்ட வேண்டாம்.

5 செப்டம்பர், காலை 8.05 | தணிக்கை

ஒரு பொறி. பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்து விகிதம் போடும்போது 2019 ஏப்ரலைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். அன்றிலிருந்து இந்தியக் கணக்கியல் தரம் 116 அமலில் இருக்கிறது, விமானக் குத்தகைகள் இருப்புநிலைக் குறிப்புக்குள் கடனாக வந்துவிட்டன. வாடகை என்று இருந்தது தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துபோனது. கடன் திடீரென்று வீங்கியது போலவும், வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் துள்ளியது போலவும் தெரியும். தொழிலில் எதுவும் மாறியிருக்காது. "2020-ல் நிறுவனம் பெரும் கடன் வாங்கியது" என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். குத்தகை டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தால் அந்தக் கடனும் காகிதத்தில் கூடும், அதையும் தனியே பிரித்துப் பாருங்கள்.

5 செப்டம்பர், மதியம் 1.15 | மூன்றாம்செம்

புரிகிறது. மாற்றுப் பொருள் விசையில் "ரயில், பஸ்: நடுத்தரம்" என்று எழுதியிருந்தேன். அதிலும் தப்பா?

5 செப்டம்பர், மதியம் 2.00 | பழையநோட்டு

எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே? அதைச் சொல்லாமல் "நடுத்தரம்" என்றால், வெந்நீரில் ஒரு காலும் ஐஸில் ஒரு காலும் வைத்து சராசரி வெப்பம் சுகம் என்ற கதைதான்.

சென்னை–டெல்லி ரயிலில் ஒரு நாளைத் தாண்டும். வேலையாகப் போகிறவருக்கு அங்கே ரயில் மாற்று இல்லை. சென்னை–கோவை வேறு: 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்ததிலிருந்து சுமார் 6 மணி நேரம். விமானம் ஒரு மணி சொச்சம் என்றாலும் வீட்டிலிருந்து மீனம்பாக்கம், ஒன்றரை மணி முன்னால் போய் வரிசை, கோவையில் இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் 4 மணிக்குக் கிட்ட வரும். மிச்சம் 2 மணி நேரம்தான். ஆக விமானக் கட்டணம் அந்த 2 மணி நேரத்துக்கான விலையைத் தாண்டினால் பயணி கையை விட்டுப் போவார்.

ஒவ்வொரு கேஸிலும் முதல் ஐந்து நிமிடத்தில் சந்தையின் எல்லையைக் கட்டுங்கள். வழி எளிது: இந்தப் பொருளின் விலை 10% கூடினால் வாடிக்கையாளர் எங்கே ஓடுவார்? ஓடுகிற இடமும் அதே சந்தை. யாரும் ஓடவில்லை என்றால் எல்லை அங்கேயே நிற்கிறது. எல்லையைக் கட்டாமல் போட்ட ஐந்து விசைகளும் காற்றில் தொங்கும்.

அரசாங்கத்தை ஆறாவது விசையாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிபொருள் மீது மாநில வரி என்றால் அது செலவு வழியாக வருகிறது. விமான நிலைய நேர ஒதுக்கீடு என்றால் புதியவர் நுழைவதைத் தடுக்கும் வழியாக வருகிறது. எந்த விசையின் வழியாக வருகிறதோ அதற்குள் எழுதுங்கள். போர்ட்டரே 2008-ல் அந்தக் கட்டுரையைப் புதுப்பித்தபோது அரசு, தொழில்நுட்பம், துறை வளர்ச்சி வேகம் ஆகியவை காரணிகள், விசைகள் அல்ல என்று பிரித்துச் சொன்னார்.

5 செப்டம்பர், மாலை 6.30 | கடைசிபெஞ்ச்

அப்போ வாத்தியார் போர்டுல போட்ட ஆறாவது அம்புக்குறியை யார் அழிக்கிறது?

5 செப்டம்பர், இரவு 9.20 | பழையநோட்டு

அழிக்க வேண்டாம். அதே விடையில் "இது நுழைவுத் தடை வழியாகச் செயல்படுகிறது" என்று ஒரு வரி சேருங்கள். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் மதிப்பெண்.

இனி இரண்டாவது பூட்டு. இண்டிகோ ஏன் வேறு? ஒரே வகை விமானம், அதனால் ஒரே பயிற்சி, ஒரே உதிரிப்பாகம், எந்த விமானி எந்த விமானத்திலும் ஏறலாம். 2005-லேயே 100 ஏ320-க்கு ஆர்டர் போட்டு மொத்த விலைத் தள்ளுபடி. விமானம் வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, திரும்ப வாடகைக்கு எடுப்பது. பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது எடுப்பது. விமானம் புதிதாக இருப்பதால் பழுது குறைவு, அதனால் தரையில் நிற்கும் நேரம் குறைவு, அதனால் ஒரே விமானத்தில் நாளுக்கு ஒரு நடை கூடுதல். ஒன்று இன்னொன்றைத் தாங்குகிறது. இதை அம்புக்குறி போட்டு வரைந்தால் அரைப் பக்கம் எழுத்து மிச்சம்.

ஒருவர் ஒரு செயலை நகலெடுக்க வாய்ப்பு 0.9 என்று வையுங்கள். இப்படி எட்டுச் செயல் இருந்தால், எட்டையும் சேர்த்து நகலெடுக்க 0.9-ஐ எட்டு முறை பெருக்குங்கள்: 0.43. ஒவ்வொன்றும் எளிது, மொத்தமும் கடினம்.

6 செப்டம்பர், காலை 6.50 | தணிக்கை

இரண்டு திருத்தம்.

"ஒரே வகை விமானம்" தொடக்க காலத்துக்குத்தான் சரி. 2017-லிருந்து சிறு ஊர்களுக்கு ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானங்கள் பறக்கின்றன. 2024-ல் ஏ350 பெரிய விமானங்கள் 30-க்கு ஆர்டர். கேஸ் எந்த ஆண்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். 2010-ல் நிற்கும் கேஸுக்கு 2024 செய்தியை எழுதினாலும் மதிப்பெண் போகும், அதற்கு எதிர்மாறாக எழுதினாலும் போகும்.

0.9 கணக்கு, எட்டு செயலும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொள்கிறது. நீங்களோ ஒன்று இன்னொன்றைத் தாங்குகிறது என்று சொன்ன கையோடு அதைப் போடுகிறீர்கள். தாங்குகிறது என்றால் முதல் நாலைப் பிடித்தவருக்கு அடுத்த நாலு எளிதாகவும் ஆகலாம்.

6 செப்டம்பர், காலை 8.15 | பழையநோட்டு

இரண்டும் சரி. முதலாவது என் கவனக்குறைவு. இரண்டாவதில் கணக்கு போர்ட்டர் 1996-ல் போட்ட கணக்கின் நீட்சி, ஓட்டையும் கூடவே வந்துவிட்டது. விடைத்தாளில் அந்தப் பெருக்கலைப் போடுபவர்கள் பக்கத்தில் "தனித்தனியாக நகலெடுப்பதாகக் கொண்டால்" என்று எழுதிவிடுங்கள்.

6 செப்டம்பர், காலை 11.40 | மூன்றாம்செம்

இண்டிகோ செய்வது இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது மற்றவர்கள் ஏன் அப்படியே செய்யவில்லை? கிங்ஃபிஷருக்குப் பணமா இல்லை?

6 செப்டம்பர், மதியம் 12.30 | பழையநோட்டு

இந்தக் கேள்வியை முதல் நாளே தாளில் எழுதியிருந்தால் 10 வாங்கியிருப்பீர்கள்.

பணம் இருந்தது, இரண்டு படகில் கால் இருந்தது. 2005 மே மாதம் தொடங்கிய கிங்ஃபிஷர் முழுச் சேவை: சாப்பாடு, இருக்கைக்கு முன்னால் திரை, வரவேற்பு. 2007-ல் மலிவுக் கட்டண ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, பிறகு அதையே கிங்ஃபிஷர் ரெட் ஆக்கினார்கள். 2011-ல் மலிவுப் பக்கத்தையே மூடினார்கள். ஜெட் ஏர்வேஸும் 2007-ல் ஏர் சஹாராவை வாங்கி ஜெட்லைட் என்ற மலிவுப் பிரிவாக நடத்தியது. அமெரிக்காவில் கான்டினென்டல் நிறுவனம் மலிவுக் கட்டண சவுத்வெஸ்ட்டைப் பார்த்துத் தொடங்கிய மலிவுப் பிரிவு 1993-ல் பிறந்து 1995-ல் முடிந்தது.

ஒரே கதை. மலிவுக்கு இருக்கையை நெருக்க வேண்டும், தரையில் 30 நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும், இணைப்பு விமானத்துக்குக் காத்திருக்கக் கூடாது. முழுச் சேவைக்கு இருக்கையைத் தளர்த்த வேண்டும், சாப்பாடு ஏற்ற நேரம் வேண்டும், இணைப்புப் பயணிக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் இன்னொன்று கெடும். நகலெடுக்கத் தடை அறிவு இல்லாதது அன்று, ஏற்கெனவே இருப்பதை இழக்க மனமில்லாதது.

ஆகவே பரிந்துரை எழுதும்போது "இதைச் செய்க" என்பதற்குக் கீழே "இதற்காக இதைக் கைவிடுக" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். கைவிட எதுவும் இல்லாத பரிந்துரையைப் போட்டியாளரும் நாளைக்கே செய்துவிடுவார்.

6 செப்டம்பர், மாலை 4.00 | கடைசிபெஞ்ச்

இண்டிகோவே 2024 கடைசியில பிசினஸ் கிளாஸ் போட்டுச்சே, ஸ்ட்ரெட்ச்னு பேர் வச்சு? அதுவும் ரெண்டு படகுதானே? தியரி இப்ப எங்க போய் ஒளிஞ்சுக்கும்?

6 செப்டம்பர், இரவு 8.45 | பழையநோட்டு

நல்ல குத்து. நாலு மணி நேரம் யோசித்தேன், முழுப் பதில் இல்லை. கான்டினென்டலும் கிங்ஃபிஷரும் மேலிருந்து கீழே வந்தவர்கள், அதிகச் செலவு அமைப்பை வைத்துக்கொண்டு குறைந்த கட்டணம் வாங்கினார்கள். இது கீழிருந்து மேலே. சில தடங்களில் மட்டும் சில இருக்கைகள், அடிப்படைச் செலவு அமைப்பு அப்படியே. இது ஒரு வாதம். எதிர்வாதம்: பெரிய விமானம், தூரப் பயணம், விசுவாசப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றும் சிக்கலைக் கூட்டுகின்றன, ஒருநாள் எளிமையின் விலை தெரியும். தேர்வில் இரண்டையும் எழுதி, எந்த எண் மாறினால் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று சொல்லுங்கள். ஏ.டி.ஆரும் ஏ350-யும் வந்த பிறகு காஸ்க், எரிபொருள் நீங்கலாக, ஏறுகிறதா என்பது என் தேர்வு.

6 செப்டம்பர், இரவு 9.30 | தணிக்கை

இறுக்கமான பொருத்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விமானிகளின் பணி நேர, ஓய்வு விதிகள் கடுமையானபோது 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கையில் உபரி ஆள் வைக்காமல் ஓட்டுவது செலவைக் குறைக்கிறது, விதி மாறும் நாளில் அதே காரணத்தால் முறிகிறது. பலம், பலவீனம் என்று இரண்டு கட்டத்தில் தனித்தனியாக எழுதுகிறீர்களே, இங்கே இரண்டும் ஒரே செயல்பாடு. ஸ்வாட் கட்டம் இதைக் காட்டவே காட்டாது.

7 செப்டம்பர், காலை 9.00 | தணிக்கை

துறையா நிறுவனமா, எது முக்கியம் என்று பார்ட்-பியில் 13 மதிப்பெண் கேள்வி வரும். ஆய்வாளர் மெக்காஹானும் போர்ட்டரும் 1997-ல் அமெரிக்க நிறுவனங்களின் 1981 முதல் 1994 வரையிலான எண்களை வைத்துச் சொன்னது: லாப வேறுபாட்டில் துறையால் 19%, அந்தத் தனித் தொழிலால் 32%, தாய் நிறுவனத்தால் 4%, ஆண்டால் 2%. 1991-ல் ரூமெல்ட் என்ற ஆய்வாளர் துறைக்கு இதைவிடக் குறைவாகவே கொடுத்திருந்தார்.

இதை "லாபத்தில் 19% துறையிலிருந்து வருகிறது" என்று எழுதுகிறார்கள். தவறு. லாபம் நிறுவனத்துக்கு நிறுவனம் ஏன் வேறுபடுகிறது என்ற அந்த வேறுபாட்டின் பங்கு அது.

7 செப்டம்பர், மதியம் 12.10 | மூன்றாம்செம்

செலவுத் தலைமை, தனித்தன்மை இரண்டில் எது வெல்லும் என்று இன்டர்னலில் கேட்டிருந்தார்கள். செலவு குறைந்தவர்தான் வெல்வார் என்று எழுதினேன்.

7 செப்டம்பர், மதியம் 1.00 | பழையநோட்டு

விமானத்தை இறக்கிவிட்டு மாவுக் கடைக்கு வாருங்கள். ஒரே தெருவில் இரண்டு இட்லி மாவுக் கடை. முதல் கடை மாவுக்கு வாடிக்கையாளர் கிலோவுக்கு 60 ரூபாய் வரை தரத் தயார், அரைக்க ஆகும் செலவு 38. இரண்டாவது கடைக்கு 52 வரை தரத் தயார், செலவு 34. செலவு குறைந்தது இரண்டாவது கடைதான்.

இரண்டாவது கடை அடிமட்டமாக 34-க்கே விற்றாலும் வாடிக்கையாளருக்கு மிஞ்சும் திருப்தி 52 – 34 = 18 ரூபாய். முதல் கடை அதே 18-ஐக் கொடுக்க 42-க்கு விற்றால் போதும், 4 ரூபாய் லாபம் நிற்கும். செலவு அதிகமான கடை ஜெயிக்கிறது. காரணம், தரத் தயாரான விலைக்கும் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளி முதல் கடைக்கு 22, இரண்டாவதற்கு 18. லாபம் அந்த இரண்டு இடைவெளிகளின் வித்தியாசம்.

செலவு குறைந்தவர் வெல்வார் என்பது எல்லார் மாவும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும். எப்போதும் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

7 செப்டம்பர், மதியம் 1.25 | கடைசிபெஞ்ச்

புளிச்ச மாவுக்கு என்ன விலை தரத் தயார்னு சேர்த்துக்கோங்க. அது சாயங்காலம் 7 மணிக்கு மேல மாறும்.

7 செப்டம்பர், இரவு 8.00 | தணிக்கை

சிரிப்புக்குச் சொன்னாலும் சரக்கு இருக்கிறது. தரத் தயாரான விலை நேரத்தோடு மாறும் பொருளில் மிஞ்சிய சரக்கையும் செலவில் சேர்க்க வேண்டும். 100 கிலோ அரைத்து 8 கிலோ கொட்டினால் 38 ரூபாய்ச் செலவு உண்மையில் 38 ÷ 0.92 = 41.30. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 4 ரூபாய் லாபம் 70 பைசா ஆகிவிடும்.

8 செப்டம்பர், காலை 10.00 | தணிக்கை

பி.சி.ஜி. கட்டம் (தொழில்களைச் சந்தை வளர்ச்சி, பங்கு என்ற இரண்டு அச்சில் வைத்துப் பிரிப்பது) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் தாளில் அதிகம் தப்பாக வருவது அதுதான். படுக்கை அச்சில் சந்தைப் பங்கு இல்லை, ஒப்பீட்டுப் பங்கு. நம் பங்கை மிகப் பெரிய போட்டியாளரின் பங்கால் வகுக்க வேண்டும். நமக்கு 20%, பெரியவருக்கு 40% என்றால் 0.5. ஒரு சந்தையில் 1-க்கு மேல் ஒருவர்தான் இருக்க முடியும், அதனால் ஒரே சந்தையில் இரண்டு பால் மாடு (வளர்ச்சி குறைவு, ஒப்பீட்டுப் பங்கு அதிகம்) வரைந்தால் திருத்துபவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அச்சும் வலமிருந்து இடமாகக் கூடும்.

அந்த அச்சுக்கு ஆதாரம் அனுபவ வளைவு. மொத்த உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் செலவு 20% குறைந்தால் 100, 80, 64, 51.2 என்று போகும். ஆண்டு இரட்டிப்பு இல்லை, தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தம். அனுபவத்தால் செலவு குறையாத தொழிலில் இந்தக் கட்டத்துக்குக் காலே கிடையாது.

8 செப்டம்பர், இரவு 9.15 | மூன்றாம்செம்

வி.ஆர்.ஐ.ஓ. அட்டவணையில் (ஒரு வளம் மதிப்புள்ளதா, அரிதா, நகலெடுக்கக் கடினமா, அதைப் பயன்படுத்த நிறுவனம் தயாரா) எல்லா வரிசையிலும் "ஆம்" வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கேஸ்.

8 செப்டம்பர், இரவு 10.30 | பழையநோட்டு

எல்லாம் "ஆம்" என்றால் வளத்தை மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள் என்று பொருள். "நல்ல மருத்துவர்கள்", "குறைந்த செலவு" என்று வைத்தால் ஆம்தான் வரும். உடையுங்கள்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் தயார், மருத்துவர் திரும்பினால் போதும். கிராமத்துப் பெண்களை எடுத்துச் சொந்தமாகப் பயிற்சி கொடுத்து உருவாக்கிய உதவியாளர் படை. கண் முகாம்கள் வழியாக நோயாளி வரத்து. 1992 முதல் ஆரோலேப் தயாரிக்கும் விழிவில்லை.

விழிவில்லை மதிப்புள்ளது, ஆனால் ஆரோலேப் மற்றவர்களுக்கும் விற்கிறது. ஆகவே அரிது என்ற கட்டத்தில் "இல்லை". இரண்டு மேசை முறையைப் பார்த்து யாரும் போடலாம், நகலெடுக்கக் கடினம் என்ற கட்டத்தில் "இல்லை". முகாம் வரத்து இல்லாமல் இரண்டாவது மேசை காலியாகக் கிடக்கும், உதவியாளர் படை இல்லாமல் அடுத்த நோயாளி தயாராக மாட்டார். ஆகவே தனித்தனி வளங்களுக்கு "இல்லை", சேர்மானத்துக்கு "ஆம்". அட்டவணையில் "இல்லை" இருப்பது பலவீனம் இல்லை, நீங்கள் யோசித்ததற்குச் சாட்சி.

இந்தக் கேஸில் இன்னொரு முடிச்சு. அவர்கள் தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். நகலெடுக்க முடியாமை ஏன் வேண்டும்? லாபத்தைக் காக்க. பார்வையின்மையைக் குறைப்பதே நோக்கம் என்றால் நகல் கூடுவது வெற்றி. நோக்கத்தைக் கேட்காமல் வி.ஆர்.ஐ.ஓ. போட்டால் தலைகீழ் முடிவு வரும். கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் 1990-ல் ஹாமெல் என்பவருடன் எழுதியது நிறுவனத்தின் மையத் திறன் பற்றி. 2004-ல் அவரே எடுத்துக்காட்டாக அரவிந்தைக் கொண்டுவந்தது ஏழைகளுக்கான சந்தை என்ற வேறொரு வாதத்துக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்புகிறார்கள்.

9 செப்டம்பர், காலை 7.00 | தணிக்கை

நேரம். 180 நிமிடம், 100 மதிப்பெண், ஆக மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 15-க்கு 27. பென்சிலோடு படிக்க 6. கடைசிப் பக்கத்தில் கேள்வி, சந்தை எல்லை, இரண்டு எண் எழுத 4. எழுத 14. சரிபார்க்க 3. கேஸைக் கடைசியில் வைக்காதீர்கள், பார்ட்-ஏ இரண்டு மதிப்பெண் கேள்விகள் நேரத்தைத் தின்றுவிடும். கேஸில் இருப்பதைத் திரும்ப எழுதும் வரி ஒவ்வொன்றும் 20 நொடி வீண்.

11 செப்டம்பர், இரவு 9.40 | மூன்றாம்செம்

திரும்ப எழுதிப் பார்த்த பரிந்துரை: "கேஸ் 2010-ல் நிற்கிறது. நிறுவனம் முழுச் சேவை, மலிவு இரண்டையும் நடத்துகிறது. மலிவுப் பிரிவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக வணிக வகுப்பு, இலவச உணவு, இணைப்புப் பயணிக்குக் காத்திருத்தல் மூன்றையும் கைவிட வேண்டும். இருக்கைகள் 150-லிருந்து 180 ஆகும்போது இருக்கைக்கான செலவு 20% குறையும். வணிகப் பயணிகளின் வருவாய் இதைவிட அதிகம் என்று தெரிந்தால் பரிந்துரை தலைகீழாகும்."

11 செப்டம்பர், இரவு 9.58 | தணிக்கை

150-லிருந்து 180 என்றால் இருக்கை 20% கூடுகிறது. செலவு 150/180, அதாவது 16.7% தான் குறையும். அதுவும் மொத்தச் செலவு மாறாமல் இருந்தால். உணவு போனால் இன்னும் குறையும், கூடுதல் 30 பேரின் எடைக்கு எரிபொருள் கூடும். மற்றபடி சரி.

11 செப்டம்பர், இரவு 10.02 | கடைசிபெஞ்ச்

16.7-னு எழுதுங்க. 17-னு எழுதினா அதுக்கும் ஓரத்துல ஒரு வரி வரும்.